வளைந்த மூக்கும் நிமிர்ந்த குறட்டையும்

பள்ளுருத்தியில் குடியிருக்கிறவனுக்கு மூக்கடைப்பு என்பது நோயல்ல, கடவுள் பார்த்துச் செய்துகொடுத்த வசதி. வடக்கே தோப்பும்படியில் மீன்பிடித் துறைமுகம். தெற்கே இடக்கொச்சி தாண்டி அரூர் வரைக்கும் இறால் உரிக்கிற கொட்டகைகள். மட்டாஞ்சேரிப் பக்கமிருந்து காற்று வந்தால் சுக்கும் மிளகும். காற்று நின்றுபோனால் கால்வாய். இத்தனைக்கும் நடுவில் எந்த வாசனையும் தெரியாமல் வருஷக்கணக்காக நிம்மதியாக இருந்தவன் நான். வீட்டில் சாளை பொரிகிறதா, சாம்பார் தாளிக்கிறார்களா என்பதை அடுப்படிக்குப் போய்க் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

மூக்கு இப்படி ஆனதற்குக் காரணம் கால்பந்து. பையனாக இருந்தபோது ‘வெளி’ என்கிற மைதானத்தில் கோலியாக நின்றேன். பந்தை மூக்கால் தடுத்தேன். கோல் விழவில்லை, மூக்குதான் விழுந்தது. அன்றைக்கு எல்லோரும் தோளில் தட்டிக்கொடுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாததால் வீட்டில் ஐஸ்கட்டி வைத்ததோடு விட்டுவிட்டார்கள்.

மூச்சு சரியாக வராததைப் பற்றி எனக்குப் பெரிய புகார் எதுவும் கிடையாது. வாய் எதற்கு இருக்கிறது? புகார் என் மனைவிக்கும் பக்கத்து வீட்டுக்கும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மதில், இரண்டு தென்னை. ஒரு நாள் காலையில் அந்த வீட்டுச் சேச்சி மதிலுக்கு மேலே தலையை நீட்டி என் மனைவியிடம் அக்கறையாக விசாரித்தார்: ராத்திரி பூராவும் உங்கள் வீட்டில் மோட்டார் ஓடுகிறதே, டேங்க் நிரம்பி வழியாதா? மனைவி உள்ளே வந்தாள். “என்னங்க, ஒண்ணு மூக்கைப் போய்க் காட்டுங்க. இல்லேன்னா படுக்கையை மாடிக்கு எடுத்துட்டுப் போயிருங்க.” மாடியில் கொசு. கொச்சிக் கொசுவிடம் ஒரு ராத்திரி கடிபட்டவர்கள் நான் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று கேட்க மாட்டார்கள்.

பி.ஓ.டி. பாலத்தைத் தாண்டி எர்ணாகுளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். டாக்டர் சின்ன வயதுக்காரர், சிரித்த முகம். நுனியில் விளக்கு வைத்த மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டு, திரையில் எனக்கே என்னைக் காட்டினார். சிவப்பாக, ஈரமாக, ஒரு குகை. நடுச்சுவர் இடது பக்கம் சாய்ந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

“மூக்கின்றெ பாலம் வளஞ்ஞிட்டுண்டு சேட்டா” என்றார்.

கொச்சிக்காரனிடம் பாலத்தைப் பற்றிக் காலங்காத்தாலே பேசக் கூடாது. 2016 அக்டோபரில் திறந்த பாலாரிவட்டம் மேம்பாலம் மூன்று வருஷம்கூடத் தாங்காமல் 2019 மே மாதம் மூடப்பட்டதையும், பிறகு ஈ. ஸ்ரீதரன் மேற்பார்வையில் பெரும்பகுதியை இடித்துக் கட்டி 2021 மார்ச்சில் மறுபடி திறந்ததையும் பார்த்தவர்கள் நாங்கள். “என் பாலத்தையும் ரெண்டாம் தடவை இடிக்க வேண்டி வருமா டாக்டர்?” என்றேன். அவர் சிரித்தார். “குழப்பமில்ல சேட்டா, நேரெயாக்காம்.”

“குறட்டை நிற்குமா?”

“குழப்பமில்ல.”

பஸ் போய்விட்டதா, கூரை ஒழுகுகிறதா, மகன் மூன்று பாடத்தில் பெயிலா, இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பதில்தான், பிரச்சினையில்லை என்று அர்த்தம். நான் அதை ‘நிற்கும்’ என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ளும்படிதான் அவரும் சொன்னார்.

நடுச்சுவர் வளைவது அபூர்வமான சங்கதியல்ல. முன்பக்கம் குருத்தெலும்பு, பின்பக்கம் எலும்பு என்று ஆன அந்தத் தடுப்பு, தூக்குக் குண்டு வைத்துக் கட்டியது மாதிரி நேராக இருப்பவர்கள்தான் சொற்பம். பத்துக்கு எட்டுப் பேருக்காவது ஏதாவது ஒரு கோணல் இருக்கும் என்று மருத்துவ நூல்களில் வழக்கமாகச் சொல்வார்கள். பெரும்பாலோர் அது தெரியாமலே பேரன் பேத்தி எடுத்துவிடுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃப்ரீயர், ஜெர்மனியில் கில்லியன் என்று இரண்டு பேர் இந்தச் சுவரைச் சவ்வுக்கு அடியிலிருந்து எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் சுவரை நிறையவே வெட்டி எடுத்துவிட்டால் வெளி மூக்கு நடுவில் பள்ளமாக உட்கார்ந்துவிடும். இப்போது கோணலை மட்டும் சீவி, மூக்கைத் தாங்கும் அளவுக்கு முன்னாலும் மேலேயும் ஒரு சட்டத்தை விட்டுவைக்கிறார்கள். இதையெல்லாம் டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அழகான படம். அந்த மூக்கு என்னுடையதைவிட எடுப்பாக இருந்தது.

ஆபரேஷன் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்களுக்குக் கழுகுக்கு வேர்த்த மாதிரி மூக்கில் வேர்த்துவிட்டது. தென்காசியிலிருந்து அம்மா போன் போட்டாள்: “ஏலே, மூக்குல கத்தி வச்சா முழி கோணிப் போயிரும்லே. வேண்டாம்ல.” மாமாவுக்கு எவ்வளவு செலவு என்பதுதான் தெரிய வேண்டும். மச்சினி மட்டும் ஆக்கபூர்வமாக யோசித்தாள்: “அத்தான், எப்படியும் அறுக்கத்தானே போறாங்க, அப்படியே நுனியையும் கொஞ்சம் எடுப்பா வச்சுத் தரச் சொல்லுங்களேன்.” நாலு பேர் முன்னால் என் மூக்கு இரண்டாம் தடவை உடைந்தது அப்போதுதான்.

இன்ஷூரன்ஸ்காரர்களுக்கும் அழகைப் பற்றித்தான் சந்தேகம் வந்தது. மெடிக்கல் பாலிசிகளில் மூக்குச் சுவர் ஆபரேஷனுக்குப் பொதுவாக இரண்டு வருஷம் காத்திருப்புக் காலம் வைத்திருப்பார்கள். அது எனக்கு முடிந்திருந்தது. ஆனால் இது அழகுக்காகச் செய்வதல்ல என்று டாக்டர் எழுதித் தர வேண்டுமாம். பாலிசியிலேயே என் போட்டோ இருக்கிறது. அதைப் பார்த்த பிறகும் இந்த மனிதன் அழகுக்காக முயற்சி எடுப்பான் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அந்த நல்லெண்ணத்துக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்னால் சம்மதப் பத்திரம் கொடுத்தார்கள். ரத்தம் போகலாம், சீழ் பிடிக்கலாம், சுவரில் ஓட்டை விழலாம், வாசனை தெரியாமல் போகலாம், மூக்கு உட்கார்ந்துவிடலாம், இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படலாம். எல்லாம் இருந்தது. குறட்டையைப் பற்றி ஒரு வரி இல்லை. கையெழுத்துப் போட்டேன். மயக்க மருந்து கொடுத்த டாக்டரம்மா என்னை நூறிலிருந்து தலைகீழாக எண்ணச் சொன்னார். மலையாளத்திலா தமிழிலா என்று கேட்க வாயெடுத்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

ஆபரேஷன் வலிக்கவில்லை. வலித்தது பேக்கிங். ரத்தம் கசியாமல் இருக்க இரண்டு துவாரத்திலும் ஒரு ஸ்பாஞ்சை அடைத்து வைப்பார்கள். போகும்போது விரல் பருமன், உள்ளே போய் ஈரம் பட்டதும் அது பாட்டுக்கு வீங்கும். மூக்கு இருக்கிற இடத்தில் செங்கல் இருக்கிறது என்று மூளை முடிவு செய்துவிடும். கஞ்சி கொண்டுவந்தார்கள். ஒரு மடக்கு விழுங்கினால் இரண்டு காதும் ‘டொப்’ என்று அடைக்கிறது. விழுங்கும்போது மூச்சு விட முடியாது, மூச்சு விடும்போது விழுங்க முடியாது. சாதாரண நாளில் இந்த இரண்டு வேலையும் எப்படிச் சண்டையில்லாமல் நடக்கிறது என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. பயறுக்கும் கஞ்சிக்கும் சுவையில் வித்தியாசம் இல்லை. நாக்கு உலர்ந்து அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ராத்திரி நர்ஸ் வந்து, “உறங்கிக்கோ சேட்டா” என்றார். அந்த ஆஸ்பத்திரியில் நான் கேட்ட ஒரே நகைச்சுவை அதுதான்.

பேக்கிங்கை எடுக்கிற நாள் வந்தது. டாக்டர் ஒரு கிண்ணத்தைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொள்ளச் சொன்னார். இடுக்கியால் பிடித்து இழுத்தார். கண்ணுக்குப் பின்னால் எங்கோ ஓரிடத்திலிருந்து, எனக்கே தெரியாமல் நான் வைத்திருந்த ஒரு பொருள் கிளம்பி வருவது தெரிந்தது. வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. மூக்கு இவ்வளவு ஆழமா? மறுபக்கமும் இழுத்தார். கண்ணில் தாரையாக நீர். ஆனால் அடுத்து இழுத்த மூச்சு இருக்கிறதே, அதை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஜில்லென்று இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் காற்று நெற்றி வரைக்கும் போனது. பையனாகக் கோல் போஸ்ட்டில் நின்ற பிறகு அப்படி ஒரு மூச்சு நான் விட்டதில்லை. டாக்டர் திரையில் சுவரைக் காட்டினார். நேராக இருந்தது. “கண்டோ?” என்றார். நானும் நன்றி சொல்லிவிட்டு, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், மூக்கைச் சிந்தக் கூடாது, உப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும் என்ற சட்டதிட்டங்களை வாங்கிக்கொண்டு ஊபரில் பள்ளுருத்திக்குத் திரும்பினேன்.

கச்சேரிப்படி தாண்டுவதற்குள் மூக்கு வீங்கி அடைத்துவிட்டது. அது வழக்கம்தான், வாரக்கணக்கில் இருக்கும் என்றார்கள். வாரங்களும் போயின. வீக்கம் வடிந்தது. அதற்கப்புறம்தான் வேடிக்கை. காலையில் வலது பக்கம் திறந்திருக்கும், இடது அடைப்பு. மத்தியானம் இடது திறந்திருக்கும், வலது அடைப்பு. ஆபரேஷனுக்கு முன்னால் நிரந்தரமாக ஒரு பக்கம் மூடியிருந்தது. இப்போது ஷிப்ட் முறை.

டாக்டரிடம் போனேன். மறுபடி குழாய், மறுபடி திரை. “பாலம் நேரெயாணல்லோ. இது நேசல் சைக்கிள். எல்லார்க்கும் உண்டு. குழப்பமில்ல.” மூக்கின் இரண்டு பக்கமும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை மாறி மாறி ரத்தம் பாய்ந்து வீங்குவதும் சுருங்குவதும் இயற்கை என்றும், 1895-இல் ரிச்சர்டு கைசர் என்ற ஜெர்மானியர் அதை எழுதிவைத்திருக்கிறார் என்றும் விளக்கினார்.

1895 வரைக்கும் போக வேண்டியதில்லை. என் தாத்தா மட்டாஞ்சேரி மண்டிக்குக் கணக்கெழுதக் கிளம்பும்போது வாசல்படியில் நின்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பார். வலது பக்கம் மூச்சு ஓடினால் வலது காலை வைத்து இறங்குவார், இடது ஓடினால் இடது கால். சரம் பார்ப்பது என்று அதற்குப் பெயர். இடகலை, பிங்கலை என்று சித்தர்கள் ஒரு சாஸ்திரமே செய்துவைத்திருக்கிறார்கள். மாறி மாறி ஓடுவதுதான் ஒழுங்கு என்று தாத்தா ஒரு பைசா வாங்காமல் சொல்லியிருப்பார். எனக்கு அதைச் சொல்ல ஒரு சி.டி. ஸ்கேன், ஒரு மயக்க மருந்து, ஒரு ரூம் வாடகை தேவைப்பட்டது.

சரி, குறட்டை? அதற்குத் தீர்ப்பு சொல்ல வேண்டியவள் மனைவி. சில ராத்திரிகள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நிக்கலைங்க. சுருதிதான் கூடியிருக்கு.” இது இசையமைப்பாளர் எம்.கே. அர்ஜுனன் மாஸ்டர் வாழ்ந்த ஊர். சின்னப் பையனாக இருந்த ஏ.ஆர். ரகுமானுக்குக் கீபோர்டு வாசிக்க இடம் கொடுத்தவர் அவர். சுருதி விஷயத்தில் பள்ளுருத்திக்காரர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சேச்சியும் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, புது மோட்டாரா என்று கேட்டார்.

மறுபடி டாக்டர். இந்தத் தடவை அவர் ஆச்சரியப்பட்டார். குறட்டை மூக்கில் உண்டாவதில்லையாம். அண்ணத்தின் பின்பக்கம் தொங்குகிற தசையும் உள்நாக்கும் நாக்கின் அடியும் தூக்கத்தில் தளர்ந்து, காற்று போகும்போது அதிர்வதுதான் குறட்டை. மூக்கடைப்பு அதைக் கூட்டலாம். ஆனால் மூக்கை மட்டும் சரிசெய்து குறட்டை நின்றவர்கள் குறைவு. “அது தொண்டையாணு சேட்டா” என்றார், தொண்டை வேறு யாருடையதோ என்பது போல. தூக்கப் பரிசோதனை செய்யலாம், அதற்கு முன்னால் எடையைக் குறைக்கலாம். இந்த எடை விஷயத்தை மனைவி கல்யாணமான வருஷத்திலிருந்து இலவசமாகச் சொல்லிவருகிறாள்.

டாக்டரை முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. 2023-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. மூக்குச் சுவர் வளைந்த 378 பேரில் ஒரு பாதிக்கு ஆபரேஷன், மறு பாதிக்கு ஸ்ப்ரே. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஆபரேஷன் கோஷ்டிக்குத்தான் மூச்சு மேல். ஆகவே பொதுவாக இது பலன் தருகிற ஆபரேஷன்தான். ஆனால் சராசரி என்பது எங்கள் தெருவில் குடியிருக்கவில்லை, நான்தான் இருக்கிறேன். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூச்சு தாராளமாகப் போகிறது என்று நமக்குத் தெரிவது சுவர் நேராக இருப்பதால் அல்ல. உள்ளே போகிற காற்று சவ்வைக் குளிர வைக்கும்போது அங்குள்ள நரம்புகள் ‘காற்று வருகிறது’ என்று மூளைக்குச் சொல்கின்றன. மூக்குக்குள் காற்றின் ஓட்டத்தை அளந்து பார்த்தால் வரும் கணக்கும் நோயாளி சொல்கிற கணக்கும் பல சமயம் ஒத்துப்போவதே இல்லை. கற்பூரத் தைலமும் மெந்தாலும் செய்வது இந்த மாயத்தைத்தான். அடைப்பு இம்மி குறையாது, குளிர்ச்சி நரம்பை மட்டும் கிள்ளிவிடும், நமக்கு மூக்கு திறந்த மாதிரி இருக்கும். ஆக, பெட்டிக்கடையில் வாங்குகிற இன்ஹேலர் பொய் சொல்லி என்னைச் சந்தோஷப்படுத்துகிறது. ஆபரேஷன் உண்மையைச் செய்துவிட்டு என்னை ஏமாற்றுகிறது.

இப்படிப் புலம்பத் தொடங்கியதும் எல்லோருக்கும் ஒரு பதில் கிடைத்தது: “எல்லாம் மனசுதான்.” மாமா சொன்னார், ஆபீஸில் சொன்னார்கள், டாக்டரும் வேறு வார்த்தையில் சொன்னார். மூக்கு விஷயத்தில் இந்தப் பழியைப் போடுவது பழைய வழக்கம். அதே 1895-இல் வியன்னாவில் எம்மா எக்ஸ்டைன் என்ற பெண் சிக்மண்ட் பிராய்டிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இருந்த தொல்லைகளில் ஒன்று வயிற்று வலி. பிராய்டின் நண்பர் வில்ஹெல்ம் ஃப்ளீஸ், உடம்பின் பல கோளாறுகளுக்கு மூக்குதான் காரணம் என்று நம்பிய பெர்லின் டாக்டர். அவர் ரயிலேறி வந்து எம்மாவின் மூக்கில் எலும்பை வெட்டிவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். எம்மாவுக்கு வீக்கம், நாற்றம், ரத்தம். வாரங்கள் கழித்து வேறொரு டாக்டர் வந்து துவாரத்தில் ஒரு நூல் தெரிவதைப் பார்த்து இழுத்தார். அரை மீட்டர் நீளக் கட்டுத்துணி வெளியே வந்தது. ஃப்ளீஸ் உள்ளேயே மறந்துவிட்டுப் போனது. கூடவே ரத்தம் கொட்டியது. பிராய்டு மயக்கம் வந்து பக்கத்து அறைக்கு ஓடி, பிராந்தி குடித்துத் தெளிந்து திரும்பினார். சாவின் வாசலில் கிடந்த அந்தப் பெண், இதுதான் ஆம்பிளைகளின் பலமா என்று கிண்டல் செய்ததாக அவரே நண்பருக்கு எழுதியிருக்கிறார். அதற்கும் மேலே, எம்மாவுக்கு ரத்தம் வந்ததெல்லாம் மன ஏக்கத்தால்தான் என்று பின்னால் ஒரு விளக்கமும் கொடுத்தார். துணியை மறந்தவர் ஃப்ளீஸ், மனசு சரியில்லாதவர் எம்மா.

மூக்கு வைத்தியத்தில் திருப்தியான நோயாளியே கிடையாதா என்றால், இருந்தார். ஆங்கிலப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி. 1792 போரில் திப்பு சுல்தானின் ஆட்கள் பிடித்து மூக்கை அறுத்துவிட்டார்கள். மூக்கறுப்புக்கென்றே ஒரு போர் நடந்த மதுரை, மைசூர் பக்கத்தில் இது ஒன்றும் புதுசல்ல. புனே பக்கத்தில் பரம்பரையாக இந்த வேலை செய்த ஒருவர் அவருடைய நெற்றித் தோலை இறக்கி முழு மூக்கையே புதிதாக வைத்துக் கொடுத்தார். அந்தப் படம் 1794-இல் லண்டன் பத்திரிகையில் வந்து, அதைப் பார்த்துத்தான் கார்ப்யூ என்ற டாக்டர் 1814-இல் அங்கே அதைச் செய்து பார்த்தார். படத்தில் கவாஸ்ஜி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். இல்லாத மூக்கு வந்தவருக்குத் திருப்தி இருக்கத்தானே செய்யும். குறட்டையைப் பற்றி அவருடைய வீட்டில் யாரையும் விசாரித்த மாதிரி தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் என் ஆபரேஷன் வெற்றி. வாசனை திரும்ப வந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை, யாரும் வாக்கும் கொடுக்கவில்லை, அதுவாக வந்தது. எப்போது வந்தது தெரியுமா? பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு 2023 மார்ச் 2-ஆம் தேதி தீப்பிடித்து, பன்னிரண்டு நாள் போல பிளாஸ்டிக் புகை கொச்சியைச் சூழ்ந்திருந்ததே, அப்போது. என் வேலை வைற்றிலாவில். ஊரே முகமூடி மாட்டிக்கொண்டு மூக்கைப் பொத்திய வாரத்தில், புதுசாகச் சுவர் கட்டிய மூக்கோடு நான் அந்தப் புகைக்குள் இறங்கினேன். வாசனை நரம்பு ஒவ்வொன்றாக விழித்தது. அது முடிந்து வீட்டுக்கு வந்தால் கால்வாய். கால்வாய் ஓய்ந்தால் இறால். அடுத்த தனு மாதக் கடைசி வியாழக்கிழமை அழகிய காவு பகவதி கோவிலில் புலவாணிபம். மண்சட்டியும் பாயும் கருவாடும் குவித்து விற்கிற சந்தை. முன்னெல்லாம் அந்த வழியாக நடந்துபோனால் எனக்கு மண்சட்டி மட்டும்தான் தெரியும்.

மூக்கு ஆபரேஷனுக்குப் போகிறவர்களைத் தடுக்கிற எண்ணம் எனக்கில்லை. சுவர் நேராகுமா என்று கேட்காதீர்கள், நேராகும், திரையில் காட்டுவார்கள். எந்தத் தொந்தரவுக்காகப் போகிறீர்களோ அதை உங்கள் கையாலேயே ஒரு காகிதத்தில் எழுதி, இது போகுமா போகாதா என்று டாக்டரிடம் நீட்டுங்கள். குறட்டை என்றால் குறட்டை என்றே எழுதுங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பதில் ‘குழப்பமில்ல’ என்று வந்தால், சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் இன்னொரு டாக்டரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.